ஈரம் அறிந்து கடையும் கலை

புயலில் சாய்ந்த மரங்களும், சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ வெட்டப்பட்ட மரங்களும் பெரும்பாலும் விறகாகவே முடிந்துபோகின்றன என்றாலும், அவற்றின் அடிக்கட்டைகளிலிருந்து கலங்களைக் கடைந்தெடுக்கும் கலை அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெரிதும் வளர்ந்தது. அதற்கு வழிகோலியவர்களுள் முதன்மையாகக் கருதத்தக்கவர், அட்லாண்டா நகரில் கட்டடக் கலைஞராக இருந்து முழுநேரக் கடைசல் கலைஞராக மாறிய எட் மோல்த்ரப் (1916–2003) ஆவார்.

கடைசல் எந்திரம் மரக்கட்டையை ஓர் அச்சில் சுழற்ற, கடைபவர் உளியைத் தாங்கியின்மேல் ஊன்றிப் பிடித்துச் சீவுகிறார். வெட்டிச் சில நாள்களே ஆன பச்சை மரம் இதற்கு எளிதில் இணங்கும். உளி பட்டதும் சீவல் நாடா நாடாவாகச் சுருண்டு விழ, மரத்தின் சாறு கடைபவரின் முகத்திலும் சுவரிலும் தெறிக்கும். இடர்ப்பாடு அந்தச் சாறு வற்றும்போதுதான் தொடங்குகிறது. மர உயிரணுக்களின் உட்குழியில் தேங்கிய நீர் வெளியேறுவதால் கேடு இல்லை. ஆனால் ஈரத்தின் அளவு, உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும், உயிரணுச் சுவர்களில் ஊறியிருந்த நீரும் வெளியேறி மரம் சுருங்கத் தொடங்குகிறது. ஆண்டு வளையங்களின் போக்கில் நேரும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் நேர்வதைப் போல் ஏறத்தாழ இருமடங்காக இருப்பதால், முழு உருளையாக விடப்பட்ட கட்டை வெடிக்கிறது. வட்டமாகக் கடைந்த கிண்ணம் நீள்வட்டமாகக் கோணிக்கொள்கிறது.

ஆகவே கட்டையை நடுவே பிளந்து, மையப் பகுதியை நீக்கி, கிண்ணத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள சுவருடன் முதலில் பருமட்டாகக் கடைந்து, எடை குறைவது நிற்கும்வரை மாதக்கணக்கில் உலரவிட்டு, பின்னர் மீண்டும் எந்திரத்தில் ஏற்றி மெல்லியதாகக் கடைவது வழக்கம். மோல்த்ரப் கடைந்த மாபெரும் கலங்களுக்கோ இக்காத்திருப்பு மட்டும் போதவில்லை. பருமட்டாகக் கடைந்த கலத்தை அவர் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும், நீரில் கரையும் மெழுகு போன்ற வேதிப்பொருளின் கரைசலில் நெடுநாள் ஊறவைத்தார். அது உயிரணுச் சுவர்களில் நீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவதால் மரம் சுருங்குவதில்லை. 1628இல் மூழ்கி 1961இல் மீட்கப்பட்ட வாசா என்னும் சுவீடன் நாட்டுப் போர்க்கப்பலைக் காத்து நிறுத்தியதும் இதே பொருள்தான். இம்முறையாலும், தாமே வடித்துக்கொண்ட நீண்ட கைப்பிடி உளிகளாலும், பிறர் தொடத் தயங்கிய பருத்த அடிமரங்களை அவரால் வழவழப்பான உருண்டைக் கலங்களாக்க முடிந்தது.

அறுவை ஆலைகள் ஒதுக்கும் குறைகளே இக்கலையில் அழகாகின்றன என்பது சிறப்பாக எண்ணத்தக்கது. விழுந்து கிடக்கும் கட்டையில் வெவ்வேறு பூஞ்சைகள் பரவும்போது ஒவ்வொன்றும் தன் எல்லையைக் காத்துக்கொள்ள உருவாக்கும் கருங்கோடுகள், மை கொண்டு வரைந்தாற்போல் மரத்துக்குள் ஓடுகின்றன. மெல்வின் லிண்ட்குவிஸ்ட், அவர் மகன் மார்க் லிண்ட்குவிஸ்ட் ஆகியோர் இத்தகைய மரத்தைக் கலைப்பொருளாக நிலைநாட்டினர். கோடுகள் தோன்றியும் மரம் உறுதி குலையாத இடைக்காலத்திலேயே அதைக் கடைந்தாக வேண்டும். அது தவறினால் மரம் உளிக்கு நிற்காமல் பொடிந்து உதிர்ந்துவிடுகிறது.