வெயிலின் 'சதமும்' வெப்பத்தின் அளவையும்

கத்திரி வெயில் நாள்களில் நம் நாளேடுகளில் தவறாது இடம்பெறுவது, இன்னின்ன ஊர்களில் வெயில் 'சதம் அடித்தது' என்னும் செய்தி. காரைக்குடியில் இன்று 101 டிகிரி என்று தாய் தொலைபேசியில் கூற, வளைகுடாவில் பணிபுரியும் மகன் அங்கே 45 டிகிரி என்கிறான். எண்களை மட்டும் கேட்பவருக்குச் செட்டிநாடே பெருவெப்பத்தில் தகிப்பதாகத் தோன்றும். உண்மையில் 45 டிகிரி செல்சியஸ் என்பது 113 டிகிரி பாரன்ஹீட். அளவையின் பெயர் கூறாத எண் பாதிச் செய்தியே.

வெப்பத்தைப் படிகளாகப் பகுக்கும் சிந்தனை பழமையானது. அரபியர் ஜாலீனூஸ் என அழைத்த கிரேக்க மருத்துவர் காலன், மருந்துகளின் சூட்டையும் குளிர்ச்சியையும் நான்கு படிகளாக வகுத்தார். 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி அப்படிகளுக்குக் கணித விகிதம் கண்டார். யூனானி மருத்துவம் அவற்றை இன்றும் 'தரஜா' என்றே வழங்குகிறது. எனினும் அது மருந்தின் இயல்பைக் குறித்த கணிப்பு. காற்றின் வெப்பத்தை எண்ணால் உரைக்க வெப்பமானி வேண்டியிருந்தது.

1724இல் பாரன்ஹீட் வெளியிட்ட அளவையில், பனிக்கட்டி, நீர், நவச்சாரம் சேர்ந்த கலவையின் குளிர் சுழியாகவும், நீரின் உறைநிலை 32 ஆகவும் அமைந்தன. 1742இல் சுவீடன் நாட்டின் செல்சியஸ், நீரின் உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையே 100 பாகங்கள் வகுத்தார். அதே இடைவெளி இன்றைய பாரன்ஹீட் அளவையில் 180 பாகங்கள். ஆகவே செல்சியஸை 1.8 ஆல் பெருக்கி 32ஐக் கூட்டினால் பாரன்ஹீட் கிடைக்கும். மனக்கணக்காயின், எண்ணை இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32ஐக் கூட்டலாம்: 40ஐ இரட்டித்தால் 80; 8 கழிய 72; 32 கூட 104.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'இயல்பைவிட 3 டிகிரி செல்சியஸ் மிகுதி' என்னும்போது அது வெப்பநிலை அன்று, வேறுபாடு. அதனை 1.8 ஆல் பெருக்கினாலே போதும், 5.4 டிகிரி பாரன்ஹீட் என வரும். 32ஐயும் கூட்டினால் 37.4 டிகிரி மிகுதி என்ற நகைப்புக்குரிய முடிவே கிட்டும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை செல்சியஸில்தான் அறிவிக்கிறது. அதனைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றுவதால் பிறப்பதே 'சதம்'. 100 டிகிரி பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 37.8 டிகிரி செல்சியஸ். இயற்கையில் அது எந்த எல்லைக்கோடும் அன்று. வெப்ப அலைக்கு அத்துறை கொண்டுள்ள அடிப்படை அளவுகோல், சமவெளியில் 40, கடலோரத்தில் 37 டிகிரி செல்சியஸ். அத்துடன் இயல்பைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்திருத்தல் வேண்டும். கடலற்ற சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடிக்கு முதல் எண் பொருந்தும்; அண்டையிலுள்ள தொண்டிக் கடற்கரைக்கு இரண்டாவது. 37 என்பதோ 98.6 டிகிரி பாரன்ஹீட், சதத்துக்கும் குறைவு!

98.6 நமக்குக் காய்ச்சல் பார்க்கும் கருவியில் பழகிய எண். உடலின் இயல்பான வெப்பமாக மரபில் கொள்ளப்படுவது. காற்றும் அவ்வளவு சூடேறியபின், வியர்வை ஆவியாதலே உடல் குளிரும் வழி. ஈரக்காற்றில் அதுவும் தடைப்படுகிறது. மேலும், அறிவிக்கப்படும் எண் காற்றோட்டமுள்ள வெண்பெட்டிக்குள், நிழலில் அளக்கப்படுவது. வெட்டவெளியில் செங்கல் சுமப்பவர் தாங்கும் வெம்மை அதனினும் மிகுதி.

ஆகவே சதம் எட்டவில்லை என்பதால் அன்றைய வெயில் தீங்கற்றது என்று நாம் எண்ணலாகாது. அளவை எது, எண் வெப்பநிலையா வேறுபாடா, ஊர் சமவெளியா கடலோரமா என்னும் மூன்றையும் அறிந்து படித்தால்தான், உழைப்போரை எப்போது நிழலுக்கு அழைக்கவேண்டும் என்பது நமக்குப் புலப்படும்.