சத்தம் இல்லாமல் கெடும் சிறுநீரகம்

40 வயதைத் தாண்டியவர்கள் கவனிக்க!

லண்டன் நகரில் "கைஸ்" என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அங்கே ரிச்சர்டு பிரைட் என்ற டாக்டர் வேலை பார்த்தார். உடம்பில் நீர் கோத்து வீங்கிய நோயாளிகள் அவரிடம் வருவார்கள்.

பிரைட் அவர்களுடைய சிறுநீரை ஒரு கரண்டியில் எடுப்பார். மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார். சிலருடைய சிறுநீர், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல் உறைந்துவிடும். அதில் புரதச்சத்து கலந்து இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவர்கள் இறந்த பிறகு உடலை அறுத்துப் பார்த்தார். சிறுநீரகங்கள் கெட்டுப்போய் இருந்தன! இதை 1827ஆம் ஆண்டு புத்தகமாக வெளியிட்டார்.

அவர்களில் பலருக்கு இருதயமும் தடித்து இருந்ததை அவர் கவனித்தார். அதற்குக் காரணம் ரத்தக் கொதிப்பு என்பது பின்னால்தான் தெரிந்தது. கையில் பட்டை கட்டிக் கொதிப்பை அளக்கும் கருவியை, இத்தாலி டாக்டர் ரீவா ரோச்சி 1896ஆம் ஆண்டு செய்தார்.

10 லட்சம் வடிகட்டிகள்

சிறுநீரகம் கைமுட்டி அளவுதான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. தேவையானதை ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியேற்றுகின்றன.

ரத்தம் அதிக வேகத்தோடு மோதினால், இந்த வடிகட்டிகளுக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன. ரத்தம் கிடைக்காத வடிகட்டி செத்துப்போகிறது. செத்தது மறுபடி முளைப்பது இல்லை.

கெட்ட சிறுநீரகம் உப்பையும் நீரையும் சரியாக வெளியேற்றாது. அதனால் கொதிப்பு இன்னும் ஏறும். கொதிப்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் கொதிப்பை ஏற்றும்!

வலி இல்லாத நோய்

பாதி கெட்டுப்போனாலும் வலி இருக்காது. கால் வீக்கம், பசியின்மை, குமட்டல், களைப்பு எல்லாம் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்து இருக்கும். பிறகு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இயந்திரம் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அல்லது மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டும். சம்பாதிக்கிறவர் இப்படிப் படுத்துவிட்டால் குடும்பம் என்ன ஆகும்?

மூன்று சோதனைகள்

முதலில் ரத்தக் கொதிப்பைப் பாருங்கள். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது ரத்தக் கொதிப்பு நோய். இரண்டாவது, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்ற சோதனை. மூன்றாவது, ரத்தத்தில் "கிரியேட்டினின்" என்ற கழிவு எவ்வளவு என்ற சோதனை. அந்த அளவையும் வயதையும் கொண்டு, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று டாக்டர் கணக்கிடுவார். அந்தக் கணக்கு மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே இருந்தால் சிறுநீரக நோய்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தச் சோதனைகளை ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

பாம்பு காட்டிய வழி

பிரேசில் நாட்டில் "ஜரராக்கா" என்ற விஷப் பாம்பு உண்டு. அது கடித்தால் ரத்தக் கொதிப்பு மளமளவென்று இறங்கிவிடும். அந்த விஷத்தை ஆராய்ந்தார்கள். அதன் பலனாகக் "கேப்டோப்ரில்" என்ற மருந்து பிறந்தது. 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இந்த வகை மருந்துகள் கொதிப்பைக் குறைக்கும். சிறுநீரில் புரதம் இறங்குவதையும் குறைக்கும். யாருக்கு எது ஏற்றது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதாவது ஒரு தேக்கரண்டிதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

புகை பிடிக்காதீர்கள். மூட்டு வலி, முதுகு வலி என்று கடையில் மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்காதீர்கள். பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கொதிப்பு குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் அது குறைந்து இருக்கிறது!

இழந்த வடிகட்டிகள் திரும்பி வரமாட்டா. ஆனால் இருப்பவற்றைப் பல ஆண்டுகள் காப்பாற்றலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக் கொதிப்பை இலவசமாகவே பார்க்கிறார்கள். இந்த வாரமே கணவனும் மனைவியுமாகப் போய்ப் பார்த்து வாருங்கள்.