கண்ணாடித் தொட்டி மீன்களும் வடிகட்டியைப் பேணும் முறையும்

சென்னைக் கடற்கரையில் 1909-ம் வருஷத்தில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டபோது, கண்ணாடிக்குப் பின்னால் மீன் நீந்துவது ஜனங்களுக்குப் பெரும் அதிசயமாயிருந்தது. இன்றோ மாரண்டஹள்ளி போன்ற சிற்றூர்களிலும் வீட்டுக் கூடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அக்காட்சியைக் காணலாம். சென்னையை அடுத்த கொளத்தூரில் பெருவாரியாய் விருத்தி செய்யப்படும் பொன்மீன், கப்பி, மோலி முதலியவை இவ்விடத்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. சிலர் இதனை உபதொழிலாகக் கொள்ளவும் எண்ணியிருக்கிறார்கள்.

ஆனால் வாங்கிய மீன்கள் ஒரு மாதத்திற்குள் ஒவ்வொன்றாய் மடிந்துவிடுகின்றன என்பதே எங்கும் கேட்கும் குறை. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார் சிலர். கண்ணேறு பட்டது என்பார் சிலர். விசாரித்துப் பார்த்தால், வடிகட்டியைத் தகுந்தபடி தெரிந்தெடுக்காமையும், அதைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவியமையுமே பெரும்பாலும் காரணமாக ஏற்படுகின்றன. ஆகையால் அதைப்பற்றிச் சில விஷயங்களை ஈண்டு எடுத்துரைப்போம்.

வடிகட்டி செய்யும் வேலை

வடிகட்டி என்பது காப்பித்தூளைப் பிரிக்கும் துணி போன்றதே என்று பலர் எண்ணுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் கசடைப் பிடிப்பது அதன் வேலையில் ஒரு பாகமேயாகும். கண்ணுக்குத் தெரியாத நஞ்சை மாற்றுவதே அதனினும் முக்கியமானது. மீன்கள் தம் செவுள் வழியாக அமோனியாவை இடைவிடாமல் வெளியிடுகின்றன; தின்னாமல் எஞ்சிய தீனி அழுகுவதாலும் அது உண்டாகிறது. ஏரியில் அது பெருந்தண்ணீரில் கரைந்து, செடிகொடிகளுக்கும் உரமாகிவிடும். இரண்டடி நீளத் தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை.

இதைக் குடியானவர்களுக்கு விளக்குவது சிரமமன்று. வயலில் இட்ட யூரியா முதலில் அமோனியாவாகவும், பின்பு நைட்ரைட்டாகவும், முடிவில் பயிர் எளிதில் எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாகவும் மாறுகிறதல்லவா? மண்ணில் வாழும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன. அதே இனத்து நுண்ணுயிர்கள் தொட்டியின் வடிகட்டியிலும் குடியேறி அதே வேலையைச் செய்கின்றன. அமோனியா மீனின் செவுளை எரிக்கும். நைட்ரைட்டு அதன் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமல் தடுக்கும். நைட்ரேட்டு அவ்வளவு கெடுதல் செய்யாது.

பிரான்சு தேசத்து ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் 1877-ம் வருஷத்தில் இதை நிரூபித்தார்கள். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் அவர்கள் சாக்கடை நீரை மெல்லப் பாயவிட்டனர். சுமார் 20 நாள் வரையில் அமோனியா மாறாமலே வந்தது. அதன் பிறகு நைட்ரேட்டு தோன்றியது. குளோரோபாரம் செலுத்தியவுடன் அம்மாறுதல் நின்றது. தோட்ட மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது சேர்த்ததும் மறுபடி தொடங்கிற்று. குழாயில் வேலை செய்தது கல்லும் மணலும் அல்ல, அவற்றில் ஒட்டி வாழ்ந்த உயிர்களே என்பது இதனால் தெளிவாயிற்று. அமோனியாவை நேரே நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரும் உண்டென்று 2015-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சிகளுள் ஒன்று, மீன் வளர்ப்புச் சாலையின் வடிகட்டியிலிருந்து எடுத்த உயிர்களைக் கொண்டே நடந்தது.

ஆகவே வடிகட்டி ஒரு சல்லடையன்று. ஒரு சிறு விளைநிலம். அதை நிலத்தைப் போலவே பேண வேண்டும்.

நம் பக்கத்துத் தண்ணீர்

தர்மபுரி ஜில்லாவின் ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உப்பும் கடினமும் உள்ளதாயிருக்கிறது. இத்தகைய நீர் சாதாரணமாய்க் காரத்தன்மை மிக்கது. காரம் மிகுந்தால் அமோனியாவின் நஞ்சும் மிகும். பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால், அமோனியாவில் நஞ்சாயுள்ள பங்கு சுமார் பத்து மடங்காகிறது. ஆதலால் மெல்லிய நீருள்ள ஊரில் பிழைக்கும் மீன், அதே அளவு அழுக்கில் இங்கே மடியக்கூடும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ம் வருஷத்தில் தொடங்கிவைக்கப்பட்டது முதல் பல வீடுகளுக்குக் காவேரி நீர் கிடைக்கிறது. அது குடிப்பதற்கு உத்தமமானது. ஆனால் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்பட்டிருக்கும். குளோரின் மீனின் செவுளையும், வடிகட்டியில் வாழும் நல்ல நுண்ணுயிர்களையும் கெடுக்கும். எனவே குழாய்த் தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்திருந்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

எவ்வகை வடிகட்டி ஏற்றது?

முதலில் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட்டுக்கொள்க. ஒரு கன அடி நீர் சுமார் 28 லிட்டர். 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள தொட்டி, மேலே சிறிது இடம் விட்டால், சுமார் 50 லிட்டர் கொள்ளும். ஒரு மணி நேரத்தில் தொட்டி நீரின் நான்கு அல்லது ஐந்து பங்கு வடிகட்டியின் வழியாகச் சென்று திரும்புவது போதுமானது.

இவ்வளவு சிறிய தொட்டிக்கு ஸ்பாஞ்சு பில்டர் என்பதே சாலச் சிறந்தது. காற்றுப் பம்பு அனுப்பும் குமிழிகள் குழாயில் மேலேறுகையில், தண்ணீர் ஸ்பாஞ்சின் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. விலை குறைவு, மின்சாரமும் சில வாட்டுகளே ஆகும், மீன் குஞ்சுகள் உள்ளே இழுபடுவதில்லை, நீருக்குப் பிராணவாயுவும் சேர்கிறது. குஞ்சு பொரிக்க வைத்து விற்க எண்ணுவோருக்கு இதுவே ஏற்றது.

மோட்டார் வைத்த இன்டெர்னல் பில்டரும், தொட்டியின் மேல் வைக்கும் டாப் பில்டரும் பொன்மீன் போன்று மிகுதியாய் அழுக்கிடும் மீன்களுக்கு உதவும். ஆயினும் வேகம் மிகுந்தால் சிறு மீன்கள் நீரோட்டத்தில் அலைக்கழியும். கூழாங்கல்லுக்கு அடியில் வைக்கும் தட்டு வடிகட்டியில் கசடு அடியிலேயே தங்கி அழுகக்கூடும். மணல் பரப்பிய தொட்டிக்கு அது உதவாது. கேனிஸ்டர் என்னும் மூடிய வடிகட்டி பெருந்தொட்டிகளுக்கு உரியது.

கரி வைத்த வடிகட்டியைப் பெரிதும் புகழ்ந்து விற்பார்கள். இக்கரி நிறத்தையும் நாற்றத்தையும் இழுக்கும். அமோனியாவை நீக்கும் என்று அதை நம்பக்கூடாது. சில வாரங்களில் அதன் சக்தியும் தீர்ந்துவிடும். மருந்து போடும்போது கரியை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மருந்தையும் அது இழுத்துக்கொள்ளும்.

ஆரம்பிக்கும் விதம்

புது வடிகட்டியில் நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதற்குள் தொட்டி நிறைய மீன் விடுவது, முளைக்காத வயலில் மாட்டை மேயவிடுவதை ஒக்கும். முதலில் இரண்டு மூன்று சிறு மீன்களை மட்டும் விட்டு, சொற்பமாய்த் தீனியிட்டு, பிறகு சிறிது சிறிதாய்க் கூட்டுக. அண்டை வீட்டில் நோயற்ற பழைய தொட்டி இருந்தால், அதன் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை ஈரம் உலராமல் கொண்டுவந்து புதியதின் பக்கத்தில் வைப்பது, தயிருக்கு உறை குத்துவது போலாகும்.

கழுவும் முறை

1. நீரோட்டம் தளரும்போது, அல்லது இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை கழுவினால் போதும்.

2. முதலில் மின்சாரத்தை நிறுத்துக. பின்பு தொட்டி நீரிலேயே ஒரு வாளி எடுத்து, அதில் ஸ்பாஞ்சை நாலைந்து முறை பிழிந்து, மறுபடி வைத்துவிடுக. குழாய் நீர், வெந்நீர், சோப்பு ஆகியவை ஆகா. ஸ்பாஞ்சு பழுப்பு நிறமாகவே இருக்கட்டும். புதியதுபோல் வெளுக்க வேண்டுவதில்லை.

3. இரண்டு ஸ்பாஞ்சு உள்ள வடிகட்டியில் ஒன்றை இம்முறையும், மற்றதை அடுத்த முறையும் கழுவுக. கிழிந்தாலும் இரண்டையும் ஒருசேர மாற்றலாகாது. கூழாங்கல்லையும் ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் கழுவுவதும் தவறு.

4. வடிகட்டி நைட்ரேட்டை வெளியேற்றுவதில்லை. ஆதலால் வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். எடுத்த நீரை வீணாக்காமல் கத்தரி, தக்காளி நாற்றுகளுக்கு ஊற்றுக. மருந்தோ உப்போ போட்ட நீரை மட்டும் ஊற்றலாகாது.

மின்தடையும் பூச்சிமருந்தும்

வடிகட்டியில் உள்ள உயிர்களுக்கும் பிராணவாயு வேண்டும். மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டால் அவை மடிந்து அழுகத் தொடங்கும். மூடிய வடிகட்டியில் இக்கேடு சீக்கிரம் நேரிடும். அப்பொழுது தீனியை நிறுத்திவிட்டு, ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். வெந்நீரில் பிராணவாயு குறைவாகவே தங்கும் என்பதால், சித்திரை வைகாசியில் இது மிகவும் அவசியம். மின்சாரம் வந்ததும் மூடிய வடிகட்டியைத் திறந்து அலசிய பின்பே ஓட விடுக. காற்றுப் பம்பு நீர்மட்டத்திற்கு மேலே இருக்கட்டும். இல்லையேல் தடைப்படும் சமயத்தில் நீர் குழாய் வழியே பம்பினுள் இறங்கிவிடும்.

மற்றோர் அபாயம் நம் தொழிலைச் சேர்ந்தது. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. காற்றுப் பம்பு சுற்றியுள்ள காற்றையே நீருக்குள் செலுத்துகிறது. ஆகையால் வீட்டை ஒட்டிய தோட்டத்தில் மருந்து தெளிக்கும்போதும், வீட்டினுள் கொசு மருந்து அடிக்கும்போதும் தொட்டியை மூடிப் பம்பைச் சற்று நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். தெளித்த கையைக் கழுவாமல் தொட்டியில் இடுவதும் கூடாது.

அழுக்குத் தின்னும் மீன்

வடிகட்டிக்குப் பதிலாகத் “தொட்டி கிளீனர்” என்று ஒரு கரிய கெளிற்று மீனைச் சிலர் வாங்குகிறார்கள். அது கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னுமேயன்றி அமோனியாவைக் குறைக்காது, தானும் அழுக்கிடும். நாளடைவில் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து தொட்டிக்கு அடங்காது போகும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன், வளர்ப்போர் இரக்கப்பட்டு வெளியே விட்டதனால், தமிழ்நாட்டின் ஏரி குளங்களில் பலவற்றில் பெருகியிருக்கிறது. அதன் முள்ளும் ஓடும் வலையைக் கிழிக்கின்றன. கரையில் அது வளை தோண்டுவதால் மண் சரிகிறது. அதை விலைக்கு வாங்குவாரும் இல்லை.

இதில் கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் செய்யத்தக்கது உண்டு. தொட்டி மீன் எதையும் ஏரியிலோ, வாய்க்காலிலோ, பஞ்சப்பள்ளி சின்னாற்று நீரிலோ விடலாகாது என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்போரிடமோ சேர்ப்பித்துவிடலாம். ஒருவர் வீட்டுத் தொட்டியின் தவறு அவரோடு நிற்கும். ஏரியில் புகுந்த மீனை ஊர் முழுவதும் கூடினாலும் திரும்பப் பிடிக்க இயலாது.

சிறிய தொட்டி, சில மீன், ஸ்பாஞ்சு வடிகட்டி, வாரம் ஒரு வாளி நீர் மாற்றம் என்ற இவ்வளவோடு ஆரம்பிப்போர் ஒரு வருஷம் நஷ்டமின்றி நடத்திப் பார்த்த பிறகே விற்பனைக்கு வளர்ப்பதைப்பற்றி யோசிப்பார்களாக. மண்ணை உயிருள்ளதாய்ப் பேணத் தெரிந்த குடியானவருக்கு இது புதிய வித்தையன்று.