பெயரும் ஓர் உடைமையே

ஊரில் இருந்த காலத்தில் எமது விளைபொருளுக்குப் பெயர் வைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. இன்னாருடைய தோட்டத்து மிளகாய், இன்னார் வீட்டு நல்லெண்ணெய் என்று ஆளைக் கண்டே சந்தையில் வாங்கினார்கள். முகமே முத்திரையாக இருந்தது. இடம்பெயர்ந்து வந்த இடத்திலோ நாம் இடித்து விற்கும் மிளகாய்த்தூளை வாங்குபவருக்கு எம்மைத் தெரியாது. அவர் காண்பது பையை மட்டுமே. அடுத்த முறையும் அதே தூளை அவர் தேடி வரவேண்டுமானால், அப்பையில் எம்மை நினைவூட்டும் அடையாளம் ஒன்று இருக்கவேண்டும். அந்த அடையாளமே வியாபாரக் குறி.

குறி என்றால் என்ன?

மாட்டுக்குக் குறி சுடும் வழக்கம் எம்மவருக்குப் புதியதன்று. பல பட்டிகளின் மாடுகள் கலந்து மேயும்போது எது எவருடையது என்பதைக் குறியே சொல்லும். கடைத்தட்டில் கலந்து நிற்கும் பொருட்களிடையே வியாபாரக் குறியும் இதே வேலையைச் செய்கிறது. அது ஒரு சொல்லாகவோ, படமாகவோ, எழுத்தாகவோ, இலக்கமாகவோ, இவற்றின் சேர்க்கையாகவோ இருக்கலாம்.

ஆனால் எல்லாச் சொல்லையும் ஒருவர் தமதாக்கிவிட முடியாது. "சுத்தமான மிளகாய்த்தூள்" என்பதை மட்டும் குறியாகப் பதியக் கேட்டால் கிடைக்காது. பொருளின் தன்மையைச் சொல்லும் அச்சொற்கள் எல்லா வியாபாரிகளுக்கும் வேண்டியவை. ஏற்கெனவே வேறொருவர் அதேவகைப் பொருளுக்குப் பதிந்த குறியைப் போன்றதும், வாங்குபவரை ஏமாற்றக்கூடியதும் ஏற்கப்படமாட்டா.

ஏன் பதிகிறார்கள்?

காணியை உழுது பயிரிட்டவர் நாமே என்று ஊரே அறியும். ஆயினும் பிணக்கு வரும்போது கேட்கப்படுவது உறுதிதான். உறுதியை இழந்து வந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. குறியின் பதிவும் அத்தகையதே. பல ஆண்டுகள் கலப்படமின்றி, நிறை குறையாமல் விற்றுச் சேர்த்த நல்ல பெயரை, அதேபோன்ற பையில் மட்டமான பொருளை நிரப்பி இன்னொருவர் ஒரே மாதத்தில் அறுவடை செய்துவிடலாம்.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இலங்கையில் குறியைப் பதிந்தவருக்கு அதனைப் பயன்படுத்தும் தனியுரிமையை அளிக்கிறது. பிறர் அதனைக் கையாண்டால் நீதிமன்றம் சென்று தடுக்கலாம். பதிவு 10 ஆண்டுகள் செல்லுபடியாகும். பின்னர் பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். குறியை விற்கலாம், கட்டணம் பெற்றுப் பிறருக்குப் பயன்படுத்த அனுமதியும் கொடுக்கலாம். பதியாதவருக்கும் சட்டம் முற்றாகக் கதவடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் தம்முடையது என நிறுவும் பாரமும் செலவும் அவர் தலையிலேயே விழும்.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவது வேறு, வியாபாரக் குறியைப் பதிவது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததென்று எண்ணி இருந்துவிடக்கூடாது.

கோப்பி விவசாயிகளின் அனுபவம்

எத்தியோப்பியாவில் இலட்சக்கணக்கான சிறு விவசாயிகள் கோப்பி பயிரிடுகின்றனர். ஹரார், சிடாமோ, யிர்காசெஃபே ஆகிய பகுதிகளின் கோப்பி உலகெங்கும் பெயர் பெற்றது. அப்பெயர்களுக்காகவே மேல்நாட்டுக் கடைகளில் கூடிய விலை கொடுத்தனர். விவசாயிக்குத் திரும்பியதோ மிகச் சிறிய பங்கு.

2005 இல் எத்தியோப்பிய அரசு இம்மூன்று பெயர்களையும் ஐக்கிய அமெரிக்காவில் வியாபாரக் குறிகளாகப் பதிய விண்ணப்பித்தது. சிடாமோ என்ற சொல் அடங்கிய பெயர் ஒன்றைப் பதிய ஸ்டார்பக்ஸ் கம்பனி அதற்கு முன்னரே அங்கு விண்ணப்பித்திருந்தது. இவை கோப்பி வகைகளின் பொதுப்பெயர்களே என்று அமெரிக்கக் கோப்பி வர்த்தகர் சங்கமும் ஆட்சேபித்தது. யிர்காசெஃபே 2006 இல் பதிவாயிற்று. மற்றைய இரண்டுக்கும் வாதாட வேண்டியிருந்தது. 2007 ஜூன் மாதத்தில் எத்தியோப்பியாவும் ஸ்டார்பக்ஸும் உடன்படிக்கை செய்துகொண்டன. எத்தியோப்பியாவின் அனுமதியுடன் அப்பெயர்களைப் பயன்படுத்த அக்கம்பனி இணங்கியது.

இதனால் விவசாயியின் வறுமை ஒரே நாளில் நீங்கிவிடவில்லை. குறி மழையைத் தராது, தரகரை ஒழிக்காது. எனினும் பெயர் தம் கையில் இருந்தபடியால் விலைபேசும் மேசையில் அவர்களுக்கும் ஓர் ஆசனம் கிடைத்தது.

கூட்டாகச் செய்யலாமா?

தனியொரு குடும்பத்துக்குப் பதிவுச் செலவு பாரமாக இருக்கலாம். பலர் சேர்ந்து பயன்படுத்தும் கூட்டுக் குறிக்கும் எமது சட்டத்தில் இடமுண்டு. அதனை எவர், எந்த நிபந்தனைகளின்கீழ்ப் பயன்படுத்தலாம் என்ற விதிகளையும் விண்ணப்பத்துடன் கொடுக்கவேண்டும். தேயிலைப் பொதிகளில் காணப்படும் சிங்கச் சின்னத்தைப் பாருங்கள். அது இலங்கைத் தேயிலைச் சபைக்குரியது. முற்றிலும் இலங்கைத் தேயிலையாகவும், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதாகவும் இருந்தால்தான் அதனைப் பொறிக்கலாம். விதி இறுக்கமாக இருப்பதாலேயே சின்னத்துக்கு மதிப்பு இருக்கிறது. கூட்டில் ஒருவர் தூளில் உமியைக் கலந்தால் அனைவருடைய பெயரும் கெடும்.

விண்ணப்பம் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குச் செல்லவேண்டும். அதற்கு முன்னர் அதே போன்ற குறி பதிவாகியுள்ளதா என்று தேடிப் பார்ப்பது நல்லது. அங்கு பரிசீலித்து ஏற்றபின் வர்த்தமானியில் பிரசுரிப்பார்கள். ஆட்சேபணை தெரிவிக்கப் பிறருக்குக் காலம் கொடுத்தபின்னரே பதிவு நிறைவேறும். இப்பதிவு இலங்கைக்குள் மட்டுமே செல்லும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, விண்ணப்பத்தில் எவருடைய பெயர் எழுதப்படுகிறது என்பதே. எமது பொருளை மொத்தமாக வாங்கும் முதலாளி தம் பெயரில் பதிந்தால் குறி அவருடையது. உதவிக்கு வந்த நிறுவனம் தன் பெயரில் பதிந்தால், திட்டம் முடிந்து அது போகும்போது குறியும் அதனுடன் போய்விடலாம். உழைப்பவர்களின் சங்கம் முறைப்படி பதிவு செய்யப்பட்டதாயின், சங்கத்தின் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் குழுவின் பைகளில் ஏற்கெனவே ஒரு பெயர் அச்சிடப்பட்டிருந்தால், அது எவர் பெயரில் இருக்கிறது என்று அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள்.