தேர்வுக்கு முந்தைய இரவு

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூரை நெருங்கும்போதே இரவுக்கும் பகலுக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998ஆம் ஆண்டு கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனால்ட் – நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. ஏரிப் பாசனத்தையும் பருவமழையையும் கணக்கிட்டு வாழ்ந்த ஊர்கள், முறைப்பணியின் மணிக்கணக்குக்குப் பழகிக்கொண்டன. பணியாளர்களை ஏற்றிய நிறுவனப் பேருந்துகள் நள்ளிரவிலும் விடியலிலும் ஓடுகின்றன. அதே சாலைகளை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. பருவத்தேர்வு நெருங்கினால் அவற்றின் விடுதி விளக்குகளும் அணைவதில்லை.

அவ்விளக்கின் கீழ் அமர்ந்திருக்கும் மாணவரின் அச்சம் கற்பனையானதன்று. ஒரு தாளில் தவறினால் அது நிலுவைத்தாளாகும். மாணவர் வழக்கில் அதன் பெயர் ‘அரியர்’. நிலுவை உள்ளவரை வளாக நேர்காணலுக்கு அழைக்காத நிறுவனங்கள் பல. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரவிருப்பவருக்கு அத்தாள் வெறும் மதிப்பெண்ணாகத் தெரியாது. தந்தையின் கடனாகவும் தங்கையின் படிப்பாகவும் தெரியும். அவரிடம் ‘அஞ்சாதே’ என்று மட்டும் சொல்வது எளிது, பயன் குறைவு. அச்சம் உடலில் என்ன செய்கிறது என்பதை அறிவிப்பதே மேலான உதவி.

அச்சம் தோன்றியவுடன், சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசால் ஆகியவற்றைச் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இவ்வளவும் நோயன்று, உடல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் முறை. ஓரளவு பதற்றம் கவனத்தைக் கூர்மையாக்கவும் செய்யும். எர்க்கிஸ், டாட்சன் என்னும் உளவியலாளர்கள் 1908இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: கடினமான பணியில் தூண்டுதல் அளவு மீறினால் கற்றல் தடைப்படுகிறது. தேர்வறையில் மறந்துபோன விடை, வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது நினைவுக்கு வருவதை அறியாத மாணவர் யார்?

இப்பதற்றத்தோடு உறக்கமின்மையும் சேரும்போதுதான் இழப்பு பெரிதாகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்சும் டாலன்பாக்கும் 1924இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் பங்கேற்றவர்கள் இருவரே, இருவரும் மாணவர்கள். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்துவிட்டுச் சில நாள்களில் உறங்கினர்; சில நாள்களில் விழித்திருந்தனர். எட்டு மணி நேரம் விழித்திருந்த பின் நினைவில் எஞ்சியவற்றைவிட, உறங்கி எழுந்த பின் எஞ்சியவை மிகப் பல. பின்வந்த ஆய்வுகள் இதற்கு விளக்கம் தந்தன: பகலில் கற்றதை மூளை உறக்கத்தில் மீண்டும் இயக்கிப் பார்த்து நிலைப்படுத்துகிறது. எனவே, தேநீரால் உறக்கத்தைத் துரத்தும் மாணவர், படித்ததைச் சேமிக்க வேண்டிய நேரத்தையே செலவிட்டுவிடுகிறார்.

இவ்வட்டாரத்து ஆலைகளிடம் கற்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. இயந்திரங்கள் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடலாம். ஒரே மனிதர் மூன்று முறைப்பணிகளையும் பார்ப்பதில்லை. வயதுவந்த தொழிலாளிக்கு நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வரம்பு கட்டியது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் உழைத்தவருக்கு அரைமணி நேரமேனும் ஓய்வு தர வேண்டும் என்றும் அது கூறியது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன; அத்திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. தொழிலாளர் போராடிக் காத்துக்கொண்ட இந்த வரம்பு மாணவருக்கு இல்லை. பதினாறு மணி நேரம் படித்ததைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம்தான் நம்மிடம் இருக்கிறது. பெற்றோரும், ஏன், எம்மைப் போன்ற ஆசிரியர்களும் அதைப் பாராட்டுகிறோம்.

நேரத்தைக் குறைத்தால் பாடம் முடியுமா என்று கேட்கலாம். படிக்கும் முறையை மாற்றினால் முடியும். ரோடிகர், கார்ப்பிக் என்போர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். தேர்வுக்குச் சற்றுமுன் தம் கவலைகளைப் பத்து நிமிடம் தாளில் எழுதியது, பதற்றம் மிகுந்த மாணவர்களுக்கு உதவியதாக 2011இல் ராமிரெசும் பைலாக்கும் கண்டறிந்தனர். இவற்றுக்குத் தேவை ஒரு தாளும் ஒரு பேனாவும்தான்.

எல்லாச் சுமையையும் மாணவரே இறக்கிவிட முடியாது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல் பொதுத்தேர்வுகளில் கைவிட்டது. கல்லூரியில் தவறிய தாளை அடுத்த பருவத்தில் எழுத வழியுண்டு. ஆனால், பல நாள் உறக்கம் வராமலும் உணவு செல்லாமலும் இருந்தாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் எழுந்தாலோ, அடுத்த பருவம்வரை காத்திருத்தல் கூடாது. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அன்றே சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416. அழைப்புக்குக் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். முறைப்பணிப் பேருந்துகள் ஓடும் நள்ளிரவிலும் அந்த அழைப்பை ஏற்க ஆள் உண்டு.