அச்சம் கையை ஓட்டுமா?

மட்டக்களப்புக்கு வடக்கே, களப்பின் கரையிலுள்ள வாழைச்சேனை என்றதும் முதியோர் பலரின் நினைவுக்கு வருவது அங்குள்ள கடதாசி ஆலையே. 1950களின் நடுப்பகுதியில் தோன்றிய அரசாங்க ஆலை அது. வயலில் எஞ்சிய வைக்கோலையே மூலப்பொருளாக்கிக் கடதாசி செய்தது. நெல்லின் விளைவையும் வாவியின் மீனையும் நம்பியிருந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு, மாதம் பிறந்தாற் சம்பளம் உண்டு என்னும் உறுதியை அது அளித்தது.

அவ்வுறுதி உழைப்பைப் பெருக்குமா, சோம்பலை வளர்க்குமா? வேலை போய்விடும் என்ற அச்சமிருந்தாற்றான் கை ஓடும் என்பார் உளர். உண்மை யாதென நாம் சற்று ஆராய்வோம்.

அமெரிக்காவிற் சிக்காகோ நகரை அடுத்த ஹோதோர்ன் தொழிற்சாலையில், 1931–32இல், தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி பிணைக்கும் 14 பேரைத் தனியறையில் அமர்த்தி ஆய்வாளர் கவனித்தனர். அது உலகெங்கும் வேலையின்மை மிகுந்திருந்த காலம். கூடுதலாகச் செய்தாற் கூடுதற் கூலி உண்டு. ஆயினும் அவர்கள் தமக்குள் ஓர் அளவை வகுத்து, அதனைத் தாண்டவில்லை; விரைந்தவனைச் சகாக்களே தடுத்தனர். விரைந்தாற் கூலி வீதம் குறையும், சிலருக்கு வேலையும் போகும் என்று அஞ்சினர். அச்சம் கையை ஓட்டவில்லை, கட்டியே வைத்தது!

ஜப்பானிய டொயோட்டா நிறுவனத்தில் 1950இல் ஆட்குறைப்பு வந்தது. வேலைநிறுத்தம் மூண்டது; ஏறத்தாழ 2,000 பேர் வெளியேறினர்; தலைவர் கீச்சிரோ டொயோடாவும் பதவி துறந்தார். அதன்பின், எஞ்சியோரின் வேலையைக் காப்பது நிறுவனத்தின் கொள்கையாக வேரூன்றியது. 1951இல், வேலையைச் செம்மைப்படுத்தும் யோசனைகளைத் தொழிலாளரிடமே கேட்கும் திட்டமும் தொடங்கிற்று. இருவர் வேலையை ஒருவர் செய்யும் வழியை, தன் வேலை நிலைக்கும் என்று நம்புபவனன்றோ துணிந்து கூறுவான்?

இலங்கையின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டமும் இவ்வுறுதியையே நாடியது. 15 பேருக்குக் குறையாதோர் பணிபுரியும் இடங்களில், ஒழுக்கக் குற்றமன்றி வேறு காரணத்துக்காக ஒருவரை விலக்குவதாயின், அவரது எழுத்து மூலச் சம்மதமோ, தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும்.

எனினும் ஆலை ஓடினாலன்றிச் சட்டம் மட்டும் சோறு போடாது. போர்க்காலத்தில் வாழைச்சேனை ஆலை நலிந்தது. நெடுங்காலம் முடங்கிக் கிடந்து, 2021இலேயே மீண்டும் இயக்கப்பட்டது. இயந்திரம் ஓயுமிடத்தில், உழைக்க விரும்பும் கையும் ஓய்ந்தே இருக்கும். உறுதி இருந்தும் கண்காணிப்பும் நேர்மையான கூலியும் இல்லையெனிற் சோம்பல் புகுதலும் இயல்பே.

ஆகவே, தொழிலாளிக்கு நாளைய நாளைப் பற்றிய நம்பிக்கையும், இன்றைக்குச் செய்யத்தக்க வேலையும் ஒருங்கே வேண்டும். வயலில் நீர் நிற்கும் என்று நம்பும் உழவனே வரம்பைச் செம்மையாகக் கட்டுவான். ஆலைத் தொழிலாளியின் மனமும் அத்தகையதே.