காதல் மிரட்டலாக மாறினால்... முதல் 72 மணி நேரம் முக்கியம்!

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பஸ்ஸிலும் ரயிலிலும் கல்லூரிக்குப் போய்வரும் மாணவிகளே, இது உங்களுக்காக.

பழகும் பையன் உங்கள் ஃபோன் பாஸ்வேர்டைக் கேட்கிறான். யாரிடம் பேசணும் என்று அவனே முடிவு செய்கிறான். கோபம் வந்தால் அடிக்கிறான். "போட்டோவை வெளியே விட்டுடுவேன்" என்கிறான். இது அக்கறை இல்லை, வன்முறை. காதலிக்கிறீர்கள் என்பதாலேயே எல்லாவற்றுக்கும் சம்மதித்ததாக ஆகிவிடாது.

"வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவாங்க" என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. ஆனால் சில சிகிச்சைகள் நாள் கடந்தால் பலன் தராது.

முதலில் மருத்துவமனை

வற்புறுத்தி உறவு நடந்திருந்தால், கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே போங்கள். அவசர கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் அதற்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். குளிக்காமல் போவது நல்லது. குளித்துவிட்டாலும் தயங்காமல் போங்கள். அப்போது போட்டிருந்த துணியைத் துவைக்காமல் பேப்பர் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

இந்தச் சிகிச்சையை அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாமே இலவசமாகத் தர வேண்டும் என்கிறது சட்டம். மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லும். ஆனால் "எஃப்.ஐ.ஆர். கொண்டு வா" என்று சிகிச்சையை மறுக்க முடியாது.

72 மணி நேரம் தாண்டிவிட்டதா? அப்போதும் போங்கள். கர்ப்பம், பால்வினை நோய்களுக்கான பரிசோதனை உண்டு. நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியமாக இருக்கும். கருக்கலைப்புக்கு 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். திருமணமாகாத பெண்களுக்கும் இதில் சம உரிமை உண்டு என 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பெயர் வெளியே வருமா?

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது குற்றம். பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் 2019-ல் வெளியானது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பழகி, வீடியோ எடுத்து மிரட்டிய அந்த வழக்கில், பெண்கள் துணிந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது.

புகார் எங்கே?

எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. போட்டோ மிரட்டல் என்றால் சாட்டை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? 181-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம். ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் தரும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள்.

உங்கள் தோழி இப்படி ஒரு விஷயத்தைச் சொன்னால், "நீ ஏன்டி போனே?" என்று கேட்காதீங்க. கூடவே மருத்துவமனைக்குப் போங்க.